சத்தத்தைக் கூட்டாமல் பேச்சைத் தெளிவாக்க: வீட்டு டிவியின் ஆடியோ செட்டிங்ஸ்

சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் நம்ம ஊர்த் தெருவில் நடந்தால், எந்த வீட்டில் எந்த சீரியல் ஓடுகிறது என்று வாசலில் நின்றே சொல்லிவிடலாம். அவ்வளவு சத்தம். உள்ளே போய்க் கேட்டால் ஆச்சி சொல்வது ஒன்றுதான்: "சத்தம்லாம் நல்லாத்தான் வருது, என்ன சொல்லுதான்னுதான் வெளங்க மாட்டேங்கு."

விஷயம் முழுக்க இந்த ஒரு வரியில் இருக்கிறது. வால்யூம் பட்டன் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் ஏற்றும். பின்னணி இசை, மழைச் சத்தம், கார் உறுமல், நடுவில் நாலு வார்த்தை பேச்சு, எல்லாம் ஒன்றாகவே ஏறும். பேச்சு மட்டும் மேலே வரவேண்டும் என்றால் செட்டிங்ஸுக்குள் போகணும். அங்கே போய்ப் பழக்கம் இல்லாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். புதிதாக ஸ்மார்ட் டிவி வாங்கியவர்கள், ஊரில் இருக்கிற அப்பா அம்மாவுக்கு ஒன்றை வாங்கி மாட்டிக் கொடுத்துவிட்டு சென்னைக்கோ துபாய்க்கோ திரும்புகிறவர்கள், எல்லாருக்கும் சேர்த்து. கிளம்புவதற்கு முன்னால் ஒரு அரை மணி நேரம் ஒதுக்கிச் செய்துவிட்டுப் போங்கள். பெரியவர்களுக்கு அது பெரிய உபகாரம்.

ஏன் பேச்சு மட்டும் அடிபடுகிறது

பழைய டப்பா டிவியில் ஸ்பீக்கர் பெரும்பாலும் திரையை ஒட்டி, நம் முகத்தைப் பார்த்தபடி இருந்தது. இப்போது வருகிற தட்டை டிவிகளில் அதற்கு இடமே கிடையாது. பெரும்பாலானவற்றில் ஸ்பீக்கர் கீழே தரையைப் பார்த்தோ, பின்னால் சுவரைப் பார்த்தோதான் இருக்கும். ஒரு பக்கத்துக்கு 10 வாட், மொத்தம் 20 வாட் என்பது சாதாரண அளவு. ஒலி எதிலாவது மோதித் திரும்பித்தான் நம் காதுக்கு வருகிறது.

அப்படி வருகிறபோது முதலில் மழுங்குவது மெய்யெழுத்துகள். உயிரெழுத்து ஒலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில், பலமாக வரும். க, ச, த, ப போன்றவற்றின் வெடிப்பும் உரசலும் மெலிசானவை, அவற்றின் அடையாளம் பெரும்பாலும் மேல் அதிர்வெண்களில் இருக்கிறது. செய்தி வாசிப்பவர் சொன்னது 'ஆட்சி'யா 'காட்சி'யா என்று தாத்தா திரும்பிக் கேட்கிறார் என்றால், அந்த முதல் 'க்' அவருக்கு வந்து சேரவில்லை. வயதாகும்போது காது முதலில் இழப்பதும் இந்த மேல் அதிர்வெண்களைத்தான். டிவியும் மழுக்கி, காதும் மழுங்கி, இரண்டும் சேர்ந்தால் வால்யூமை 20-லிருந்து 60-க்கு ஏற்றினாலும் 'காட்சி' 'ஆட்சி'யாகவேதான் கேட்கும். கூடுதலாகப் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்.

முதலில் செட்டாப் பாக்ஸ்

டிவி செட்டிங்ஸைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியது இது. முக்கால்வாசி வீடுகளில் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. டிடிஎச் ஆனாலும் சரி, அரசு கேபிள் பாக்ஸ் ஆனாலும் சரி, பாக்ஸுக்கு என்று தனியாக ஒரு வால்யூம் உண்டு, டிவிக்குத் தனியாக ஒன்று உண்டு. வீட்டில் ஒருவர் பாக்ஸ் ரிமோட்டில் குறைப்பார், இன்னொருவர் டிவி ரிமோட்டில் கூட்டுவார். கடைசியில் பாக்ஸ் கால்வாசியிலும் டிவி எழுபதிலும் நிற்கும். அப்படியே யூடியூபுக்கு மாற்றினால் வீடே அதிரும்.

பாக்ஸ் ரிமோட்டை எடுத்து வால்யூமை ஏறக்குறைய முழுசுக்குக் கொண்டுபோங்கள். முழுசாக வைக்கும்போது கரகரவென்று கேட்டால் ஒன்றிரண்டு புள்ளி இறக்கிக்கொள்ளுங்கள். இனிமேல் அதைத் தொடுவதில்லை, கூட்டுவது குறைப்பது எல்லாம் டிவி ரிமோட்டில்தான் என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். பாக்ஸ் ரிமோட்டின் வால்யூம் பட்டன் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுவது நல்லது. பெரியவர்களுக்கு எந்த ரிமோட் எதற்கு என்ற தடுமாற்றம் அதோடு போய்விடும்.

பாக்ஸிலிருந்து டிவிக்கு இன்னும் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஒயர்தான் போகிறதா? பாக்ஸிலும் டிவியிலும் எச்டிஎம்ஐ ஓட்டை இருந்தால் ஒரு எச்டிஎம்ஐ கேபிள் வாங்கி மாற்றிவிடுங்கள். படமும் தெளியும், இரைச்சலும் குறையும். மாற்ற வழியில்லை என்றால், சிவப்பும் வெள்ளையும் இரண்டுமே இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். ஒன்று கழன்றிருந்தால் ஒரு பக்க ஒலி காணாமல் போயிருக்கும். பல வீடுகளில் மாதக்கணக்கில் அப்படியே கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

இருக்கிறதைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள்

இப்போது டிவி ரிமோட். செட்டிங்ஸ் பட்டன் பல்சக்கரம் மாதிரி இருக்கும். சில ரிமோட்டில் அந்தப் பட்டனே கிடையாது, ஹோம் பட்டனை அழுத்தி, திரையின் மூலையில் அதே பல்சக்கரத்தைத் தேட வேண்டும். உள்ளே போனால் சாம்சங், எல்ஜி டிவிகளில் 'சவுண்ட்' என்று நேராகவே இருக்கும். சோனி உட்பட கூகுள் டிவி, ஆண்ட்ராய்டு டிவி வகையறாக்களில் 'டிஸ்பிளே அண்டு சவுண்ட்' என்பதற்குள் 'சவுண்ட்'. கம்பெனிக்குக் கம்பெனி, வருஷத்துக்கு வருஷம் பெயரும் வரிசையும் மாறும். நான் சொல்கிற பெயர் அப்படியே இல்லை என்றாலும் அதே வேலையைச் செய்கிற ஒன்று அதே பக்கத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள்.

எதையும் மாற்றுவதற்கு முன், இருக்கிற பக்கத்தை போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். 'ரீசெட் சவுண்ட்' என்ற ஒன்றும் அங்கேயே பெரும்பாலும் இருக்கும், அதைக் கொடுத்தால் கடையிலிருந்து வந்த நிலைக்கே போய்விடும். அதனால் பயப்பட வேண்டாம், சவுண்ட் பக்கத்தில் எதை மாற்றினாலும் டிவி கெட்டுப்போகாது.

இன்னொன்று, ஆச்சிக்காகச் சரிசெய்கிறீர்கள் என்றால் ஆச்சியை அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காரவைத்துவிட்டுச் செய்யுங்கள். டிவிக்கு முன்னால் நின்றுகொண்டு உங்கள் காதுக்குச் சரிசெய்தால் அது உங்களுக்குத்தான் நன்றாகக் கேட்கும்.

சவுண்ட் மோட்

சவுண்ட் பக்கத்தில் முதலில் கண்ணில் படுவது 'சவுண்ட் மோட்'. ஸ்டாண்டர்ட், சினிமா அல்லது மூவி, மியூசிக், ஸ்போர்ட்ஸ் என்று வரிசையாக இருக்கும். பேச்சுக்கு என்றே ஒன்று வைத்திருப்பார்கள். எல்ஜியில் 'கிளியர் வாய்ஸ்', சோனியில் 'டயலாக்', வேறு டிவிகளில் 'நியூஸ்' அல்லது 'ஸ்பீச்'. முதலில் அதைத் தேர்ந்தெடுத்து, ஒரு செய்திச் சேனலை வைத்துக் கேளுங்கள். பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

அந்த மோடில் பாட்டு கொஞ்சம் வறண்டு கேட்கும், அது இயல்பு, தாழ்ந்த ஒலியைக் குறைத்துத்தான் பேச்சை முன்னால் கொண்டுவருகிறார்கள். நாள் முழுக்கச் செய்தியும் சீரியலும் ஓடுகிற வீட்டுக்கு இதைவிட நல்லது இல்லை என்பது என் அபிப்பிராயம். ஸ்போர்ட்ஸ் மோட் கூட்டத்தின் இரைச்சலைப் பரப்பி மைதானத்தில் இருக்கிற உணர்வைத் தரப் பார்க்கும், கிரிக்கெட் வர்ணனை புரியவேண்டும் என்கிறவர்கள் அதையும் விட்டுவிடலாம்.

அதே பக்கத்தில் 'சரவுண்ட்', 'விர்ச்சுவல் சரவுண்ட்', 'டிடிஎஸ் விர்ச்சுவல் எக்ஸ்' என்று ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துப் பாருங்கள். இரண்டு சின்ன ஸ்பீக்கரை வைத்து நாலாபக்கமிருந்தும் ஒலி வருவதாகக் காட்டுகிற வித்தை அது. பேச்சு நடுவிலிருந்து திடமாக வராமல் பரந்து கலங்கிப்போவது பல டிவிகளில் இதனால்தான். 'டயலாக் என்ஹான்ஸ்', 'வாய்ஸ் ஜூம்' மாதிரி தனியாக ஒன்று இருந்தால் அதை ஆன் செய்யுங்கள், அளவு கேட்டால் நடுத்தரத்தில் தொடங்குங்கள்.

டிவி ஸ்டாண்டில் நிற்கிறதா, சுவரில் மாட்டியிருக்கிறதா என்று சில டிவிகள் ஒரு கேள்வி வைத்திருக்கும். சோனியில் 'டிவி பொசிஷன்', எல்ஜியில் 'இன்ஸ்டலேஷன் டைப்'. மாட்ட வந்த ஆள் இதைப் பார்த்திருக்கவே மாட்டார். சுவரில் மாட்டிய டிவிக்கு ஸ்டாண்ட் என்று இருந்தால் மாற்றிவிடுங்கள், சுவரில் மோதிப் பெருகுகிற கும் ஒலியை டிவியே கொஞ்சம் குறைத்துக்கொள்ளும்.

ஈக்வலைசர்: வில்லுப்பாட்டை வைத்துப் பழகுங்கள்

மோட் மாற்றியும் திருப்தி இல்லை என்றால் ஈக்வலைசர். ஐந்தாறு நிலைக்கம்பிகள் வரிசையாக நிற்கும், கீழே எண்கள் இருக்கும். 100, 300, 1 கே, 3 கே, 10 கே என்பது பல டிவிகளில் காணும் வரிசை. ஹெர்ட்ஸ் கணக்கு அது, 'கே' என்றால் ஆயிரம், இடது பக்கம் தாழ்ந்த ஒலி, வலது பக்கம் உயர்ந்த ஒலி.

எண்ணைப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது, காதைத்தான் பழக்கணும். அதற்கு நம்மிடம் இருப்பதிலேயே நல்ல கருவி வில்லுப்பாட்டு. நல்லபடியாகப் பதிவு செய்த ஒரு வில்லுப்பாட்டை யூடியூபில் ஓடவிட்டு, கம்பிகளை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கிப் பாருங்கள். குடத்தில் விழுகிற 'தொம்' என்ற அடி 100-லும் 300-லும் மாறும். 1 கே-யைத் தொட்டால் பாடுகிறவரின் குரல் முன்னால் வருவதும் பின்னால் போவதும் தெரியும். 3 கே-யை ஏற்றினால் அவர் வார்த்தையை உடைத்துச் சொல்கிற இடங்கள் பளிச்சென்று கேட்கும். 10 கே-யில் ஜால்ராவின் முனை கூர்மையாகும். கோயில் கொடைக்குப் போய் நேரில் கேட்டவர்கள் எல்லாருக்கும் இந்த நாலும் தனித்தனியாக எப்படி இருக்கும் என்று தெரியும், அதனால் எந்தக் கம்பி எதைச் செய்கிறது என்பது ஐந்து நிமிஷத்தில் பிடிபட்டுவிடும். சினிமாப் பாட்டில் இருபது வாத்தியம் ஒன்றாக ஒலிப்பதால் இப்படிப் பிரித்துக் கேட்பது கஷ்டம்.

இது பிடிபட்ட பிறகு செய்திச் சேனலுக்கு வாருங்கள். 100-ஐ இரண்டு மூன்று புள்ளி இறக்குங்கள். 300-ஐ அப்படியே விடலாம், குரல் பானைக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்டால் அதையும் ஒன்றிரண்டு இறக்குங்கள். 1 கே-யை ஒரு புள்ளி ஏற்றுங்கள். 3 கே-யை இரண்டு மூன்று ஏற்றுங்கள், பெரியவர்களுக்கு இதுதான் முக்கியமான கம்பி. 10 கே-யை பூஜ்யத்தில் விடுங்கள். 'ஸ்', 'ஷ்' எல்லாம் சீறிக்கொண்டு காதைக் குத்தினால் 3 கே-யை ஒரு புள்ளி இறக்குங்கள். எல்லாக் கம்பியையும் உச்சத்தில் ஏற்றி வைப்பது வால்யூமைக் கூட்டியதற்குச் சமம்தான், அதோடு சின்ன ஸ்பீக்கர் கரகரக்கவும் ஆரம்பிக்கும். எனவே ஏற்றுவதைவிட வேண்டாததை இறக்குவது எப்போதும் மேல்.

ஈக்வலைசர் இல்லாத டிவியில் பாஸ் (தாழ்ந்த ஒலி), ட்ரெபிள் (உயர்ந்த ஒலி) என்று இரண்டு மட்டும் இருக்கும். பாஸை மூன்றில் ஒரு பங்குக்கு இறக்கி, ட்ரெபிளைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே வையுங்கள். இடது, வலது பக்க ஒலியைப் பங்கிடுகிற 'பேலன்ஸ்' நடுவில் இருக்கணும். ஆனால் ஒரு காது மட்டும் மந்தமான பெரியவர் வீட்டில் இருந்தால் பேலன்ஸில் கைவைக்க வேண்டாம், அவர் நாற்காலியை நல்ல காது டிவி பக்கம் வருகிற மாதிரி திருப்பிப் போடுவதுதான் உபயோகம்.

விளம்பரம் வந்தால் அலறுவது

சீரியல் மெதுவாகப் போகும், விளம்பரம் வந்ததும் தூக்கிப்போடும். விளம்பரங்களின் ஒலி மிகையாக இருக்கக்கூடாது என்று 1994-ஆம் ஆண்டின் கேபிள் டிவி விதிகளிலேயே இருக்கிறது. இருந்தும் ஏன் அப்படிக் கேட்கிறது என்றால், விளம்பரத்தில் ஒலியின் உச்சம் கூடுவதைவிட அதன் சராசரிதான் கூடுகிறது. மெல்லிய இடமே விடாமல் எல்லாவற்றையும் அமுக்கி நிரப்பி, உச்சத்துக்குப் பக்கத்திலேயே ஓடவிடுகிறார்கள். காது கணக்கெடுப்பது சராசரியைத்தான்.

இதற்கு 'ஆட்டோ வால்யூம்' என்ற அமைப்பு இருக்கிறது. சாம்சங்கில் 'எக்ஸ்பர்ட் செட்டிங்ஸ்' என்பதற்குள், சோனியில் 'அட்வான்ஸ்டு ஆட்டோ வால்யூம்' என்று. ஆன் செய்துவிட்டால் சேனலுக்குச் சேனல், நிகழ்ச்சிக்கும் விளம்பரத்துக்கும் இடையே உள்ள ஏற்ற இறக்கம் குறையும். வயதானவர்கள் தனியாக இருக்கிற வீட்டில் இது கட்டாயம் ஆன் செய்திருக்க வேண்டும். பாட்டு ரசிக்கிறவர்களுக்கு மட்டும் இது பிடிக்காது, தவில் தனி ஆவர்த்தனத்தில் மெல்ல ஆரம்பித்து உச்சத்துக்குப் போகிற அந்த ஏற்றத்தையே இது சமன் செய்துவிடும். கச்சேரி கேட்கும்போது அணைத்துக்கொள்ளலாம்.

'நைட் மோட்' என்று ஒன்று இருந்தால் அதுவும் ஏறக்குறைய இதே வேலைதான், வெடிச் சத்தத்தை இறக்கி முணுமுணுப்பை ஏற்றும். நம்ம பக்கம் வளவு வீடுகளில் இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் படுத்திருக்கும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வைத்திருக்கிற வரம்பு 45 டெசிபல், பகலில் 55. விதி ஒரு பக்கம் இருக்கட்டும், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை அடுத்த வீட்டில் இருக்கும் என்பதற்காகவே பத்து மணிக்கு மேல் நைட் மோடை ஆன் செய்யலாம்.

ஓடிடி படங்களில் வசனம் மட்டும் கேட்காதது

இது இளையவர்கள் வீட்டிலும் நடக்கிற விஷயம். தியேட்டருக்காகச் செய்த 5.1 கலவையில், அதாவது ஆறு வழியாகப் பிரித்த ஒலியில், வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கு என்று தனியாக வைத்திருப்பார்கள். வீட்டு டிவியில் இருப்பது இடதும் வலதும் இரண்டுதான். ஆறு வழி ஒலியை இரண்டாகச் சுருக்கும்போது வசனம் இசையோடும் சத்தத்தோடும் கலந்து அமுங்கிவிடுகிறது.

படம் ஓடும்போதே ஆடியோ, சப்டைட்டில் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 'தமிழ்', 'தமிழ் 5.1' என்று இரண்டு இருந்தால், வெறும் டிவி ஸ்பீக்கரில் கேட்கிறவர்கள் 5.1 இல்லாததை எடுங்கள். நடு ஸ்பீக்கர் உள்ள செட் வைத்திருப்பவர்கள் 5.1-ஐ எடுக்கலாம். ஃபயர் டிவி ஸ்டிக் வைத்திருந்தால் அதன் செட்டிங்ஸில் 'டிஸ்பிளே அண்டு சவுண்ட்ஸ்', அதற்குள் 'ஆடியோ', அதற்குள் 'சரவுண்ட் சவுண்ட்' என்று போய் 'பிசிஎம்' (சுருக்காத சாதாரண ஒலி வடிவம்) என்று வைத்துப் பாருங்கள்.

சப்டைட்டிலைப் போடுவதும் ஒரு நல்ல வழிதான், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

சவுண்ட்பார் வாங்கினால்

சவுண்ட்பார் என்பது டிவிக்கு முன்னால் வைக்கிற நீளமான தனி ஸ்பீக்கர். மேலே சொன்ன எல்லாம் செய்த பிறகும் போதவில்லை என்றால்தான் அதை வாங்கணும். வாங்குவது பேச்சுக்காக என்றால் தாழ்ந்த ஒலிக்கான பெரிய சப்வூஃபருக்குப் பணம் கொடுக்காதீர்கள், நடு ஸ்பீக்கர் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். பெட்டியில் 3.1 அல்லது 5.1 என்று போட்டிருந்தால் நடு ஸ்பீக்கர் இருக்கும், 2.1 என்றால் இருக்காது. கடையில் ஓடவிட்டுக் காட்டுவது எப்போதும் அதிர்கிற பாட்டாகத்தான் இருக்கும். செய்தியைப் போடச் சொல்லிக் கேளுங்கள்.

இணைக்கும்போது டிவியின் பின்னால் எச்டிஎம்ஐ ஓட்டைகள் இரண்டு மூன்று இருக்கும், அதில் ஒன்றின் பக்கத்தில் மட்டும் ஏஆர்சி அல்லது ஈஏஆர்சி என்று எழுதியிருக்கும். சவுண்ட்பார் அந்த ஓட்டைக்குத்தான் போக வேண்டும், வேறு ஓட்டையில் செருகினால் ஒலி வராது. டிவியிலிருந்து ஒலியைத் திருப்பி வெளியே அனுப்புகிற வழி அது. எச்டிஎம்ஐயின் 1.4 பதிப்பில், 2009-ல் வந்தது. ஈஏஆர்சி அதைவிட அதிகத் தகவலைக் கடத்தக்கூடிய பிந்தைய வடிவம். நம் தேவைக்கு எது இருந்தாலும் போதும். அப்புறம் டிவி செட்டிங்ஸில் சிஇசி என்பதை ஆன் செய்யணும், இதற்குக் கம்பெனிகள் ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள்: சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க். இது ஆன் ஆனால் டிவி ரிமோட்டிலேயே சவுண்ட்பாரின் வால்யூமையும் மாற்றலாம். இல்லாவிட்டால் வீட்டில் மூன்றாவதாக இன்னொரு ரிமோட், பெரியவர்களுக்கு இன்னொரு தொல்லை.

கடைசியாக 'சவுண்ட் அவுட்புட்' என்பதில் டிவி ஸ்பீக்கரிலிருந்து சவுண்ட்பாருக்கு மாற்றுங்கள். எல்லாம் செய்தும் ஒலி வரவில்லை என்றால் 'டிஜிட்டல் ஆடியோ அவுட்புட்' என்பதைத் தேடிப் 'பிசிஎம்' என்று வையுங்கள், பாருக்குப் புரியாத வடிவத்தில் டிவி அனுப்பிக்கொண்டிருக்கலாம். ஏஆர்சி இல்லாத பழைய டிவி என்றால் ஒலியை வெளிச்சமாக அனுப்புகிற ஆப்டிக்கல் ஒயர், அதன் முனையில் சிவப்பு வெளிச்சம் தெரிந்தால் டிவி அனுப்புகிறது என்று அர்த்தம். ஆப்டிக்கலில் பெரும்பாலும் டிவி ரிமோட்டால் பாரின் வால்யூமை மாற்ற முடியாது.

உதடு ஒரு பக்கம், வார்த்தை ஒரு பக்கம்

ப்ளூடூத்தில் ஸ்பீக்கரோ ஹெட்போனோ இணைத்தால் பேச்சு பிந்தி வரும். ஒலியைச் சுருக்கி, அனுப்பி, மறுபடி விரிப்பதற்கு ஆகும் நேரம் அது. ஒலி சற்றுப் பிந்தினால் நம் மூளை பொறுத்துக்கொள்ளும். திருநெல்வேலி குறுக்குத்துறையில் ஆற்றுக்கு அக்கரையில் ஒருவர் துணியைக் கல்லில் அடிப்பதைப் பார்த்தால், கை இறங்கிய பிறகுதான் சத்தம் வரும், அது நமக்கு வித்தியாசமாகவே படாது. ஆனால் சத்தம் முந்தினால் உடனே உறுத்தும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-ல் தந்த பரிந்துரையில் இதற்கு அளவே இருக்கிறது: ஒலி சுமார் 45 மில்லிசெகண்ட் முந்தினாலே கண்டுபிடித்துவிடுகிறோம், பிந்தினால் 125 மில்லிசெகண்ட் வரை தெரிவதில்லை. சாதாரண ப்ளூடூத் ஹெட்போன்கள் பலவும் அந்த 125-ஐத் தாண்டிவிடும்.

'ஏவி சிங்க்', 'ஆடியோ டிலே' என்று சவுண்ட் பக்கத்தில் இருப்பது இதற்குத்தான். செய்தி வாசிப்பவரின் உதட்டைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு புள்ளியாக நகர்த்துங்கள், 'ப', 'ம' வரும்போது உதடு ஒட்டுவது நன்றாகத் தெரியும், அதை வைத்துப் பொருத்துங்கள். ஒன்று கவனம்: ஒலியைப் பிந்த வைப்பது டிவிக்குச் சுலபம், முந்த வைப்பது கஷ்டம். அதனால் ப்ளூடூத்தில் பிந்துவதை முழுசாகச் சரிசெய்ய முடியாமல் போகலாம். பெரியவர் ஒருவர் மட்டும் ஹெட்போனில் கேட்கவேண்டும் என்றால், டிவியில் ஹெட்போன் துளை இருக்கும் பட்சத்தில் நீள ஒயர் போட்ட ஹெட்போனே உத்தமம், தாமதம் கிடையாது, சார்ஜும் போட வேண்டாம். ஒயர் நடைபாதையின் குறுக்கே கிடக்காமல் சுவரோரமாகப் போகட்டும்.

பட்டாசலும் ஒரு செட்டிங்ஸ்தான்

டிவி இருக்கிற பட்டாசல் (ஹால்) நடுவில் நின்று பலமாக ஒரு தடவை கைதட்டுங்கள். தட்டிய பிறகும் 'கிணுங்'கென்று வால் இழுத்தால் அறை எதிரொலிக்கிறது. டைல்ஸ் தரை, பூச்சுச் சுவர், மேலே கான்கிரீட், சாமான் குறைவு, இப்படி இருக்கிற புது வீடுகளில்தான் இது அதிகம். ஒரு வார்த்தையின் எதிரொலி அடுத்த வார்த்தையின் மேல் ஏறி உட்கார்ந்தால் எந்த ஈக்வலைசரும் ஒன்றும் செய்ய முடியாது. ஜன்னலுக்குக் கனமான திரை, டிவிக்கு எதிர்ச் சுவரில் புத்தக அலமாரி, தரையில் கனத்த ஜமுக்காளம், இதெல்லாம் போட்டால் வித்தியாசம் கேட்கும். பத்தமடைப் பாய் உட்காருவதற்குச் சுகம்தான், ஆனால் மெலிசாக இருப்பதால் எதிரொலியை அது பெரிதாகக் குடிக்காது.

டிவியை ஷோகேசுக்குள் மூன்று பக்கமும் பலகை சூழ வைத்திருந்தால் முன் விளிம்புக்கு இழுத்து வையுங்கள். ஸ்பீக்கர் கீழே பார்க்கிற டிவிக்கு அடியில் துணி விரிப்பு, பொம்மை, பழைய ரிமோட் எதுவும் கிடக்கவேண்டாம். பிள்ளைகள் கை எட்டக்கூடாது என்று உத்தரத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பவர்கள் முன்பக்கமாகக் கொஞ்சம் சரித்து மாட்டுங்கள்.

அப்புறம் மின்விசிறி. தலைக்கு நேர்மேலே முழு வேகத்தில் சுற்றுகிற விசிறியின் இரைச்சல் மெல்லிய மெய்யெழுத்துகளைத்தான் முதலில் மூடும். நாற்காலியை இரண்டடி டிவியை நோக்கி நகர்த்தினாலே வால்யூமில் பல புள்ளி மிச்சமாகும். ஆனி ஆடியில் மேற்கே இருந்து காற்று அடிக்கிற நாட்களில் ஜன்னல் கதவு படபடப்பதற்கு ஒரு கொக்கி போட்டுவிடுங்கள்.

திடீரென்று வருகிற கோளாறுகள்

டிவி தானாகவே பேச ஆரம்பித்துவிட்டது, எந்தப் பட்டனை அழுத்தினாலும் அதன் பெயரைச் சொல்கிறது என்று போன் வரும். பார்வை குறைந்தவர்களுக்கான வசதி அது, யாரோ தெரியாமல் ஆன் செய்திருப்பார்கள். செட்டிங்ஸில் 'அக்சஸிபிலிட்டி' என்ற பகுதிக்குப் போங்கள். சாம்சங்கில் 'வாய்ஸ் கைடு', எல்ஜியில் 'ஆடியோ கைடன்ஸ்', ஆண்ட்ராய்டு வகையில் 'டாக்பேக்' அல்லது ஸ்க்ரீன் ரீடர். அணைத்தால் நின்றுவிடும். படத்தில் மட்டும் "அவன் கதவைத் திறக்கிறான்" என்று ஒரு குரல் இடையிடையே சொல்கிறது என்றால் அது அந்தப் படத்தின் 'ஆடியோ டிஸ்கிரிப்ஷன்' தடம், ஆடியோ பக்கத்தில் சாதாரணத் தமிழை எடுத்தால் போதும்.

ஒரு சேனல் மட்டும் இந்தியிலோ ஆங்கிலத்திலோ பேசுகிறது என்றால் பாக்ஸ் ரிமோட்டில் 'லாங்வேஜ்' அல்லது 'ஆடியோ' பட்டனை அழுத்திப் பாருங்கள், சில சேனல்களில் பல மொழித் தடங்கள் இருக்கும், அதில் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம்.

படம் வருகிறது, ஒலியே இல்லை என்றால் முதலில் மியூட். பிறகு பாக்ஸின் மியூட், அது தனி. பிறகு 'சவுண்ட் அவுட்புட்', யாராவது ப்ளூடூத் ஹெட்போனை இணைத்துவிட்டு மறந்துபோயிருப்பார்கள். இதெல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால், டிவியையும் பாக்ஸையும் சுவிட்ச் போர்டில் அணைத்து இரண்டு நிமிஷம் விட்டுப் போடுங்கள்.

அதற்கும் சரியாகவில்லை என்றால் ஒரு பென்டிரைவில் ஒரு பாட்டைப் போட்டு டிவியிலேயே செருகி ஓடவிடுங்கள். அது நன்றாகக் கேட்டால் டிவியில் பழுதில்லை, பாக்ஸோ ஒயரோதான், கேபிள்காரரைக் கூப்பிடணும். பென்டிரைவ் பாட்டிலும் கரகரப்போ ஒரு பக்கம் ஊமையாகவோ இருந்தால் டிவியின் ஸ்பீக்கரோ போர்டோதான். சர்வீஸுக்கு போன் செய்யும்போது இந்தச் சோதனையைச் செய்து பார்த்ததையும் சேர்த்தே சொல்லுங்கள், வருகிறவர் அதற்கு வேண்டிய பொருளைக் கையோடு கொண்டுவருவார்.